தள்ளி வைத்த தட்டு

"அம்மா, நான் வீட்டுக்குத் தூரம்" என்று பொய் சொல்லிவிட்டு, பத்தாம் வகுப்புப் படிக்கும் கோகிலா பின்னறை மூலையில் பாயை விரித்துக்கொண்டாள். போன மாதமும் இதே பொய்தான். தூரமானவளைத் தொட்டால் தலைமுழுக வேண்டும் என்பாள் அம்மா. தனித் தட்டு, தனி டம்ளர். சோற்றைக்கூட எட்ட நின்றுதான் போடுவாள். அந்த எட்டம்தான் இப்போது கோகிலாவுக்கு வேண்டியிருந்தது. பள்ளிக்கூடத்தில் இனப்பெருக்கப் பாடம் வந்தபோது, "இத வீட்ல படிச்சுக்குங்க" என்று டீச்சர் பக்கத்தைப் புரட்டிவிட்டார். வீட்டில் யாரிடம் கேட்பது?

மத்தியானம் அம்மா ரசம் சோறு கொண்டுவந்தாள். வாசனை பட்டதும் கோகிலாவுக்குக் குமட்டியது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"பித்தம்மா. வெயில்ல நடந்து வந்தேன்ல."

அம்மாவின் பார்வை அவள் முகத்திலிருந்து வயிற்றுக்கு இறங்கியது. வாசலில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டது.

"ஏங்க, புள்ள தூரம். இந்தப் பக்கம் வராதீங்க" என்று அம்மா உரக்கச் சொன்னாள். சொல்லிவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். பாயில் ஏறி உட்கார்ந்து, கோகிலாவின் தலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.