அண்ணையின் நமீபியா விடுமுறை

"சப்பாத்துப் போட முன்னம் என்ன செய்யவேணும்?"

"கவிட்டு உதறவேணும்."

"ஏன்?"

"தேள் இருக்கும்."

"இங்கிலீஷில சொல்லுங்கோ அண்ணை. அவங்கள் என்ன, தமிழிலயே கேக்கப்போறாங்கள்?"

ஆங்கிலத்தில் சொன்னார். தேளுக்கான சொல்லில் தடக்கி, மறுபடி சொன்னார்.

லண்டனில் சித்தி வீட்டு மாடிப்படியின் கடைசிப் படியில், போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மடியில் ஃபாரஸ்ட் கேட் நூலகத்துப் புத்தகம். நமீபியாவைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு வேண்டிய புத்திமதி எல்லாம் அதில் இருந்தது. பெட்ரோல் எங்கே கிடைத்தாலும் நிரப்பிக்கொள்ள வேண்டும். பொழுதுபட்ட பிறகு கார் ஓட்டக்கூடாது, மான்கள் குறுக்கே பாயும். மணல் மலைகளைப் பார்க்க விடியுமுன்பே புறப்பட வேண்டும், நேரம் போனால் மணல் காலைச் சுடும். ஜூலை அங்கே குளிர்காலம், இரவுக்கு ஸ்வெட்டர் வேண்டும்.

அண்ணை நமீபியாவில்தான் இருந்தார். மார்ச் மாதத்திலிருந்து.

ஆனால் ஆட்களைக் கள்ளமாய் லண்டனுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் அவரை விண்ட்ஹூக் நகரில் ஒரு வீட்டின் பின் அறையில் வைத்திருந்தான். ஜன்னலுக்கு மட்டை அடித்திருந்தது. வாசலுக்குக்கூடப் போகக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்குப் போன் எடுக்க விடுவான்.

"இஞ்ச பாலைவனம் இருக்கெண்டே நீ சொல்லித்தானடி எனக்குத் தெரியும்," என்று சிரித்தார்.

லண்டனில் இருக்கும் யேசுரட்ணம் என்ற ஒருவரின் பாஸ்போர்ட்டில் அவர் படத்தைக் கழற்றிவிட்டு அண்ணையின் படத்தை ஒட்டியாகிவிட்டது. தலை மாற்றுவது என்பார்கள். இனி அண்ணைதான் யேசுரட்ணம். விடுமுறைக்கு நமீபியா வந்து, சுற்றிப் பார்த்துவிட்டு லண்டனுக்குத் திரும்புகிறவர்.

ஏர்போர்ட்டில் கேட்பார்களாம், எங்கே போனாய், என்ன பார்த்தாய் என்று. அண்ணைக்கு முன்னால் போன பெடியன், நல்ல மழை பெய்தது என்று சொல்லிப் பிடிபட்டான். இந்த மாதங்களில் அங்கே மழையே இல்லை. அவனைக் கொழும்புக்கு ஏற்றிவிட்டார்கள். கொழும்பில் இறங்கியதும் யாரோ வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். எங்கே என்று அவன் வீட்டுக்கு இன்னும் தெரியாது.

அதனால்தான் புத்தகம்.

அம்மா ஊரில். அங்கே போன் இல்லை. சித்தியும் சித்தப்பாவும் மாறி மாறி ஷிப்ட். அண்ணையை ஆயத்தப்படுத்த என்னை விட்டால் ஆளில்லை. எனக்குப் பதினைந்து வயது. நானும் பாலைவனத்தைக் கண்டதில்லை.

"மணல் என்ன நிறம்?"

"காலமை தோடம்பழ நிறம். பின்னேரம் சிவப்பு."

"எப்பிடி ஏறினீங்கள்?"

"மேட்டின்ர நுனியால. பக்கத்தால ஏறினா கால் புதையும்."

"களைச்சதோ?"

"களைச்சுப் போனன். கொண்டுபோன தண்ணி முழுக்கக் குடிச்சு முடிச்சன்." பிறகு, "உண்மையாவே கண்ட மாதிரிக் கிடக்கு தங்கச்சி," என்றார்.

வெள்ளிக்கிழமை இரவு விமானம்.

சனிக்கிழமை காலை போன் அடித்தது. ஹீத்ரோ ஏர்போர்ட்டிலிருந்து என்று நினைத்து ஓடிப்போய் எடுத்தேன்.

"பயப்பிடாத," என்றார் அண்ணை. "பிடிச்சிட்டாங்கள். விண்ட்ஹூக் பொலிஸிலதான் நிக்கிறன்."

"கொழும்புக்கோ?"

"ஓம். நாளைக்கு."

சித்திக்கு இதை நான் இன்னும் சொல்லவில்லை. வேலையால் வந்து சாப்பிட்டுப் படுத்துவிட்டா. வீடு முழுவதும் நித்திரை. சொன்னால் உண்மையாகிவிடும் போல இருக்கிறது.

"எதில பிழை விட்டனீங்கள்?" என்று கேட்டேன். "மணலிலயோ? மானிலயோ?"

"அதொண்டும் கேக்கேல்ல."

கவுண்டரில் நின்ற பெண் நல்ல பிள்ளையாம். சிரித்துச் சிரித்துத்தான் கதைத்தாளாம். பாலைவனத்தைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. அவள் பிறந்து வளர்ந்ததே அங்கே, அவளுக்கு அதில் என்ன புதினம்? அவளுக்கு லண்டனைப் பார்க்கத்தான் ஆசை. அடுத்த வருடம் வரப்போகிறாளாம். லண்டனில் எவ்விடம் என்று கேட்டாள். ஃபாரஸ்ட் கேட், பத்து வருடமாய் அங்கேதான், என்று அண்ணை ஒரு தடக்கமும் இல்லாமல் சொன்னார்.

அப்படியென்றால், ஏர்போர்ட்டில் இறங்கி வீட்டுக்கு எப்படிப் போவீர்கள் என்று கேட்டாள்.

சும்மாதான் கேட்டாளாம்.

அண்ணைக்கு அந்த வழி தெரியாது. அவள் காத்திருந்தாள். பிறகு பாஸ்போர்ட்டை இன்னொரு தடவை திறந்து, படத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

அது புத்தகத்தில் இல்லை.

"இப்ப சொல்லு," என்றார் அண்ணை. "எப்பிடி வாறது?"

சொன்னேன். "ஏர்போர்ட்டிலயே பிக்கடிலி லைன் ரெயின் நிக்கும், அதில ஏறுங்கோ. பரன்ஸ் கோர்ட்டில இறங்கினா, அதே பிளாட்ஃபோர்மின்ர மற்றப் பக்கம் டிஸ்ட்ரிக்ட் லைன் வரும். அப்டன் பார்க் வரைக்கும் நித்திரை கொள்ளலாம், தூரம். அங்க இறங்கி கிரீன் ஸ்ட்ரீட்டால நேர நடவுங்கோ."

அண்ணை ஒவ்வொன்றையும் திருப்பிச் சொன்னார். பக்கத்தில் யாரோ அதட்டுவது கேட்டது.

"பிறகு?"

"பிறகு வீடுதான். பெல் வேலை செய்யாது அண்ணை, கதவில தட்டுங்கோ. என்ர அறை முன்பக்கம்தான். எனக்குக் கேக்கும்."