யானையிடம் தோற்ற அத்தா

“நீடாமங்கலம் ரயில்வே கேட்டைத் தாண்டிட்டாங்களாம்! இனியாவது அந்தப் போனைப் புடுங்கி வைடி, அனீஸா!”

பக்கத்து வீட்டுப் பாத்திமா லாத்தா கூவிக்கொண்டே உள்ளே வந்தாள். ஏர்போர்ட்டுக்குக் கார் எடுத்துப் போனது அவள் தம்பிதான்.

அனீஸாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அபுதாபியிலிருந்து புருஷன் அப்சர் வருகிறார்! மகளைக் கைக்குழந்தையாக விட்டுப் போனவர், இன்றைக்குத்தான் மறுபடி திருத்துறைப்பூண்டிக்கு வருகிறார். அடுப்பில் நெய்ச்சோறு தம்மில் கிடந்தது. தலைக்கு மல்லிகைப்பூகூட வாங்கியாயிற்று. ஆனாலும் அவளுக்குப் பயமாகவே இருந்தது.

காரணம், கூடத்தில் போனும் கையுமாக உட்கார்ந்திருந்த இரண்டு வயது ஆயிஷா.

யானை முகமூடி போட்ட ஒருவன் மூக்கால் பேசிப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் வீடியோ அதில் ஓடிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் ஆப்பிள், ஆரஞ்சு என்றால் இவன் நாத்து, நண்டு, நாரை என்பான். அப்சர்தான் எங்கோ தேடிப் பிடித்து லிங்க் அனுப்பியிருந்தார். அதைப் போட்டால்தான் பிள்ளைக்குச் சோறு இறங்கும். அனீஸா ஒரு நாளும் உட்கார்ந்து முழுசாகப் பார்த்ததில்லை. யானை பாடம் எடுக்கும் நேரத்தில் துணி துவைத்து, மாவாட்டி முடித்துவிடுவாள்.

அதுதான் வினையாகிப்போனது. அப்சர் வீடியோ காலில் வந்தால், ஆயிஷா சிவப்புப் பொத்தானை அழுத்தி அத்தாவை விரட்டிவிட்டு, “ஆனை!” என்று கத்துவாள்.

“எல்லாம் என் தப்புதான் மச்சான். அந்தப் பொழப்பத்த ஆனைப்பயலை நான்தான் பழக்கிவிட்டேன்” என்று அனீஸா அழுதால், அப்சர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

“புள்ள படிக்குதுல்ல, விடு. நான் வந்து பாத்துக்கிறேன்” என்பார். எப்படித்தான் அந்த மனுஷனுக்குக் கோபமே வராதோ!

“எங்க வூட்டுல அவரு வந்தப்ப, பெரியவன் கட்டிலுக்கடியில பூந்துக்கிட்டான்டி. லீவு முடியிற வரைக்கும் ஒட்டவே இல்ல. திரும்பிப் போறப்ப மனுஷன் அழுதுக்கிட்டே போனாரு.” பாத்திமா எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றினாள்.

“வாய மூடுங்க லாத்தா! எம்புள்ள அவங்க அத்தாட்ட போவும்.”

சொல்லி முடிப்பதற்குள் போன் அடித்தது. அப்சர்! ஆயிஷா பட்டென்று சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். அனீஸா போனைப் பிடுங்கி அலமாரி மேல் வைக்க, பிள்ளை வீறிட்டது. அழுகை ஓயவே இல்லை. வாசலில் கார் வந்து நின்றபோதும் தேம்பிக்கொண்டுதான் இருந்தது.

அப்சர் இறங்கினார். கறுத்து, இளைத்திருந்தார். அவரைப் பார்த்ததும் அனீஸா பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு சந்தோஷமாக வாசலுக்கு ஓடினாள்.

“ஆயிஷாம்மா, அத்தா வந்திருக்கேன்டா…”

அவ்வளவுதான். பிள்ளை அலறிக்கொண்டு அம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டது. சாக்லேட்டை நீட்டினார், தட்டிவிட்டது. பொம்மையைக் காட்டினார், இன்னும் பெரிதாக அழுதது.

“நான்தான் சொன்னேன்ல?” என்றாள் பாத்திமா.

அனீஸாவுக்குக் கண்ணீர் பொங்கியது. “மன்னிச்சிருங்க மச்சான். அந்த ஆனைப்பய மட்டும் என் கையில கெடைச்சான்னா…”

“கெடைச்சா என்ன செய்வ?”

கேட்டுக்கொண்டே அப்சர் தோள்பைக்குள் கையை விட்டார். அட்டைப்பெட்டியில் வெட்டிய காதும் பழைய சாக்ஸ் தும்பிக்கையுமாக வீடியோவில் வந்த அதே முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டு, அதே குரலில் மூக்கால் கூப்பிட்டார்: “நாத்து, நண்டு, நாரை… எங்கே என் ஆயிஷா?”

“ஆனை!” என்று முந்தானையை உதறிவிட்டு ஓடிய பிள்ளை, அத்தாவின் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டது.