வெளியே சாவித்துளை இல்லாத கதவு

சட்டமன்றக் குவிமாடத்துக்குள் கூடு கட்டியிருந்த புறா, இரை தேடிவிட்டுத் திரும்பியது. அதற்குள் வாக்கெடுப்பு மணி அடித்து ஓய்ந்து, அவையின் தேக்குக் கதவு சாத்திக்கொண்டது.

"அண்ணே, கொஞ்சம் வழி விடுங்க. உள்ளே குஞ்சுங்க பசியில கத்துது."

"ஓட்டு எண்ணி முடியட்டும்மா," என்றது கதவு. "என்னைச் செஞ்சப்போ, வெளியிலிருந்து திறக்க ஒரு சாவித்துளை வைக்கச் சொன்னார் கவர்னர் துரை. ஆசாரி வைக்கலை. உள்ளே இருக்கிறவங்க திறந்தாப் போதும்னுட்டார்."

"துரைக்கே திறக்க மாட்டியா?"

"நூறு வருஷமா, ஓட்டு நடக்கறப்போ வெளியே நிக்கிற யாருக்கும் திறந்ததில்லை."

அப்போது ஓட்டுப் போட ஒரு மந்திரி மூச்சிரைக்க ஓடிவந்தார். கதவு அசையவில்லை. அவர் தட்டக்கூட இல்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு காத்து நின்றார்.

புறா அந்தக் கதவை உச்சிவரை அண்ணாந்து பார்த்தது. பிறகு சிறகை மடக்கிக்கொண்டு, மந்திரிக்கு முன்னால் வரிசையில் நின்றது.