திரும்பி நின்ற எழுத்துகள்

“எந்த ஊர்லயாவது எழுத்து இப்படித் திரும்பி நிக்குமாடி?”

முதலாளியம்மா கேட்டது ரகசியக் குரலில்தான். ஆனால் அவருடைய ரகசியக் குரல் எதிர்க் கடை வரைக்கும் போகும்.

அவருடைய தம்பி மனைவி கையைப் பிசைந்துகொண்டு கிறிஸ்துமஸ் மரத்தின் பக்கத்தில் நின்றாள். பியூட்டி பார்லர் மூலையில் வைத்த மரம் முழுக்க அவள் செய்த, உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் உருண்டைகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு வினைல் ஸ்டிக்கரில் வெட்டி ஒட்டிய எழுத்து. அன்பு, அமைதி, மகிழ்ச்சி. அத்தனையும் இடவலம் மாறி முதுகைக் காட்டிக்கொண்டிருந்தன.

“வெளிய ஒட்டினா வர்றவங்க எல்லாம் தொட்டுத் தொட்டு உரிச்சிடுவாங்கன்னு உள்பக்கமா ஒட்டினேன் அண்ணி. பாதி உருண்டையக் கிண்ணம் மாதிரி கையில வச்சு ஒட்டும்போது நேராத்தான் இருந்துச்சு. எல்லாத்தையும் மூடி, மரத்துல மாட்டின பிறகுதான்...”

“உருண்டைக்குள்ள உக்காந்து படிக்கறதுக்கு ஆளு வருமா? வேற ஸ்டிக்கர் இருக்கா?”

“தீந்து போச்சு அண்ணி.”

பார்லர் வேலை முழுவதையும் கற்றுக்கொண்டும் அவள் கைக்கு இன்னும் கத்தரிக்கோல் வரவில்லை. விழுந்த முடியைக் கூட்டுவதோடு சரி. ‘மரத்தை நல்லபடியா ஜோடிச்சுக் காட்டு, அப்புறம் முடி வெட்ட உனக்குன்னு ஒரு நாற்காலி தர்றேன்’ என்று நாத்தனார் வாக்குக் கொடுத்திருந்தார். அதை நம்பித்தான், பாவம், சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒட்டித் தள்ளியிருந்தாள்.

“நாற்காலியும் வேணாம், ஒண்ணும் வேணாம். நாளையிலேருந்து நீ வீட்டையே பாத்துக்கோ. என் தம்பி உன்னை எப்படித்தான் சமாளிக்கிறானோ!”

அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

“அழாதே. டீச்சர் முழிச்சுக்கப் போறாங்க. அவங்க பாக்கறதுக்குள்ள எல்லாத்தையும் கழட்டு.”

அதுதான் பெரிய பயம். தலை கழுவி, துண்டு சுற்றி, நாற்காலியில் கண்மூடிச் சாய்ந்திருந்தவர் ‘பிரம்பு டீச்சர்’. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாலும் குற்றம் கண்டுபிடிப்பதிலிருந்து ஓய்வு பெறாதவர். கடைப் பலகையில் ஒரு புள்ளி குறைந்தாலும் உள்ளே புகுந்து சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். முதலாளியம்மாவே அவரிடம் காதுத் திருகல் வாங்கிய பழைய மாணவிதான்.

“என்ன அங்க குசுகுசுன்னு?”

தம்பி மனைவி கழற்றிய உருண்டையோடு அப்படியே நின்றுவிட்டாள். டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு நேர் எதிரே பெரிய நிலைக்கண்ணாடி. அதற்குள் மொத்த மரமும் நின்றது.

“ஒண்ணுமில்ல டீச்சர், சும்மா...”

“மரத்தை யார் ஜோடிச்சது?”

முதலாளியம்மாவின் விரல் சட்டென்று நீண்டது. “இவதான் டீச்சர்! நான் அப்பவே தலையால அடிச்சுக்கிட்டேன்...”

“பலே! இந்தத் தெருவுல மூளையுள்ளவ ஒருத்தியாவது இருக்காளே!”

நீட்டிய விரல் நீட்டியபடியே இருந்தது.

“பார்லருக்கு வர்றவங்க கண்ணாடிக்கு நேராத்தானே உக்காந்திருப்பாங்க? சாதாரணமா எழுதினா அவங்களுக்குத் திரும்பித் தெரியும். அதை யோசிச்சுத் திருப்பி எழுதியிருக்கா பாரு. இங்கேருந்து பாத்தா அச்சடிச்ச மாதிரி இருக்கு!”

முதலாளியம்மா நிலைக்கண்ணாடியைப் பார்த்தார். அன்பு, அமைதி, மகிழ்ச்சி எல்லாம் சமர்த்தாக நேரே நின்றன. திரும்பி மரத்தைப் பார்த்தார். மறுபடி கண்ணாடியைப் பார்த்தார்.

நீட்டிய விரல் மெல்ல மடங்கி, அவர் மார்பையே தொட்டது.

“ஐடியா என்னோடது டீச்சர். இவ சும்மா ஒட்டினா, அவ்வளவுதான்.”

தம்பி மனைவிக்கு அழுகை நின்று வாய் பிளந்துகொண்டது.

“அப்படியா? நாலாங் கிளாஸ்ல நீ இவ்ளோ யோசிச்சு நான் பாத்ததே இல்லையே! சரி, ஒட்டின கை இவளுதுதானே? வளைஞ்ச உருண்டையில சுருக்கம் விழாம ஒட்டறது லேசா? அந்தக் கைதான் இன்னைக்கு எனக்கு முடி வெட்டணும்.”

“இவளா? ஐயோ, இவளுக்கு இன்னும்...”

“உன் ஐடியாவையே இவ்ளோ நேர்த்தியாச் செஞ்சவ, என் தலையக் கெடுத்துடுவாளா?”

மறுத்தால் ஐடியா கைநழுவிப் போய்விடும். முதலாளியம்மா கத்தரிக்கோலைத் தம்பி மனைவியின் கையில் திணித்துவிட்டு, வாசலில் யாரோ கூப்பிட்டது போல நழுவினார்.

அவள் சீப்பால் முடியைப் பிரித்து வெட்டத் தொடங்கினாள். டீச்சர் தலையை ஆட்டாமல், ஒரு குறையும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். அதுவே பெரிய அதிசயம்.

வெட்டி முடித்து, கழுத்தில் ஒட்டிய முடியைத் தட்டிவிட்டாள்.

“நன்றி டீச்சர். நிஜத்துல நான் அப்படி யோசிக்கவே இல்ல. தப்பாத்தான் ஒட்டிட்டேன். கண்ணாடியில நேராத் தெரியுதுன்னு நீங்க மட்டும் பாத்துச் சொல்லலேன்னா...”

டீச்சர் வாசல் பக்கம் ஒருமுறை காதைத் தீட்டிக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“எனக்குக் காது நல்லாக் கேக்கும்மா, கண்ணுதான் மோசம். அந்தப் பையிலேருந்து என் மூக்குக்கண்ணாடிய எடு. உருண்டையில என்னதான் எழுதியிருக்குன்னு இப்பவாவது படிச்சுப் பாக்கறேன்.”