அரை நாளில் காலி

கம்பெனியில் எந்தெந்தப் பதவி தண்டம் என்று ஆராய்ந்து சொல்லச் சொன்னார்கள். ஸ்டாப்வாட்ச் சோறு தண்ணி மறந்து ஆராய்ந்து சொன்னார். நிர்வாகம் அசந்துபோய், முதல் வேலையாக அவரையே வீட்டுக்கு அனுப்பியது.

ஸ்டாப்வாட்ச் என்பது அங்கே அவருக்கு வைத்த பட்டப்பெயர். யார் எங்கே வீணாக நடக்கிறார்கள், எந்த வேலையை இரண்டு தடவை செய்கிறார்கள் என்று கடிகாரமும் கையுமாகப் பின்னாலேயே அலைவார். வேலை போனதும் தொழில் ஆலோசகர் என்று வாசலில் பலகை மாட்டினார். பலகையைத் துடைப்பதைத் தவிர வேறு வேலை வரவில்லை. கை அரித்துப்போய் வீட்டுச் சமையலறையைச் சீர்திருத்தினார். உப்பும் சர்க்கரையும் இடம் மாறியதில் காபி கரித்தது.

"நீங்க எதுவும் செய்யாம இருந்தாலே எனக்குப் பாதி வேலை குறையும்," என்றாள் மனைவி.

அதனால்தான் ஒரு குடோன் முதலாளி வேலை இருக்கிறது என்று ஃபோன் செய்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டு உபயோகப் பொருள்கள் அடுக்கிய குடோன். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், மிக்ஸி என்று கூரை முட்ட அட்டைப்பெட்டிகள். விடுமுறை நாள்; தெருவில் பாதிக் கடைகள் மூடிக் கிடந்தன.

"இடம் மாத்தறோம் சார். புதுக் குடோன் தயாரா இருக்கு. இவனுங்ககிட்ட விட்டா மூணு நாள் உருட்டுவானுங்க," என்று முதலாளி கூலியாட்களைக் காட்டிச் சலித்துக்கொண்டார். "மத்தியானத்துக்குள்ள முடியணும். உங்களால ஆகுமா?"

"ஆகுமாவா!" என்று ஸ்டாப்வாட்ச் சட்டைக் கையை மடித்தார்.

கொஞ்ச நேரம் சும்மா நின்று பார்த்தார். ஒவ்வொருவனும் உள்ளே போய் ஒரு பெட்டியைத் தூக்கி லாரிவரை நடந்தான். பிறகு கையை வீசிக்கொண்டு, கதை பேசிக்கொண்டு திரும்பி வந்தான்.

"நோயே இதுதான் சார். வெறுங்கையோட நடக்கற நடை!"

எல்லோரையும் வரிசையாக நிறுத்திவைத்தார். பெட்டி மட்டும் கைமாறிக் கைமாறி நகர்ந்தது. கனமானது முதலில், இலேசானது மேலே. துருப்பிடித்துக் கிடந்த பின்பக்க ஷட்டரைத் திறக்கவைத்து, ஒரு லாரி கிளம்பும்போதே அடுத்தது வந்து நிற்கும்படி செய்தார். முதலில் முணுமுணுத்த ஆட்கள் போகப் போகச் சூடுபிடித்துவிட்டார்கள்.

"இத்தனை நாளா உங்களை எங்க சார் ஒளிச்சு வெச்சிருந்தாங்க?" என்றார் முதலாளி.

ஸ்டாப்வாட்சுக்குக் கண் கலங்கிவிட்டது. மனைவியை அழைத்து வந்திருக்கலாம் என்று தோன்றியது.

அப்போதுதான் வரிசையில் ஒரு ஓட்டை தெரிந்தது. பெரிய மீசைக்காரன் ஒருவன் அடிக்கடி நழுவித் தூண் மறைவுக்குப் போய்க்கொண்டிருந்தான். யாருமே நடக்கத் தேவையில்லாத ஏற்பாட்டில் ஒருவன் நடக்கிறான் என்றால்? பூனைபோலப் பின்தொடர்ந்து லபக்கென்று பிடித்தார். சட்டைக்குள் புத்தம்புது அயர்ன் பாக்ஸ்!

"திருட்டுப் பயலே! என் கண் முன்னாடியேவா?"

"விடுங்க சார். புள்ளகுட்டிக்காரன்," என்றார் முதலாளி பெருந்தன்மையாக.

"நீங்க விடலாம், நான் விடமாட்டேன். என் பொறுப்புல நடக்கற வேலை இது!" ஸ்டாப்வாட்ச் போலீசுக்கே ஃபோன் செய்துவிட்டார்.

கடைசி லாரி உறுமிக்கொண்டு நின்றது. "அப்போ நீங்களே பார்த்துக்குங்க. அங்க இறக்கறதுக்கு நான் இருந்தாகணும்," என்று முதலாளி குடோன் சாவியை அவர் கையில் வைத்து அழுத்திவிட்டு லாரியில் ஏறினார். மற்ற ஆட்களும் தொற்றிக்கொண்டார்கள். எவ்வளவு நம்பிக்கை!

ஃபோன் செய்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, போலீஸ் ஜீப் வந்து நின்றது. இதுவல்லவா வேகம் என்று அவர் மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் துடைத்துவிட்டதுபோல் கிடந்த தரையைப் பார்த்தார். "எல்லாம் இன்னிக்கே போயிடுச்சா?"

"அரை நாள்ல சார்!"

"யாரோட ஏற்பாடு?"

"முழுக்க முழுக்க என்னோடது!"

அவ்வளவுதான், மடை திறந்தது. யாரை எங்கே நிறுத்தினார், எதை முதலில் ஏற்றினார் என்று நடித்தே காட்டினார். கான்ஸ்டபிள் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டார். ஆயுசில் அவர் பேச்சை யாரும் இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை.

"அந்தப் பின்பக்க ஷட்டரைத் திறக்கச் சொன்னது?"

"நானேதான்! மத்தவங்களுக்குத் தோணவே இல்ல."

"ரொம்பப் பிரமாதம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

பூரித்துப்போன ஸ்டாப்வாட்ச், மீசைக்காரனை முன்னால் தள்ளினார். "நான் ஃபோன்ல சொன்ன திருடன் இவன்தான் சார். அயர்ன் பாக்ஸ்!"

இன்ஸ்பெக்டர் புருவத்தை உயர்த்தினார்.

"உங்க ஃபோன் எனக்கு வரலையே சார்... பக்கத்துக் கடைக்காரர் இந்தக் குடோன் ஓனரம்மாவைக் கூப்பிட்டு, 'என்னம்மா, சொல்லாமக் கொள்ளாமக் காலி பண்றீங்க'ன்னு கேட்டாராம். அவங்க வெளியூர்லேருந்து அலறிக்கிட்டு ஃபோன் பண்ணித்தான் நாங்க வந்தோம்."