சங்கு ஓயும் மரம்

ஏழு மணிக்கு மில் சங்கு ஊதத் தொடங்கியதும் வைகுண்டராஜ் ஓடத் தொடங்குகிறான். ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் சாலையில் புளியமரங்களுக்கு நடுவே வெயில் பட்டை பட்டையாக விழுகிறது. மஞ்சள் காமாலையில் ஐந்து மாதம் கிடந்த உடம்பு. பனியன் தொளதொளவென்று ஆடுகிறது. ஒன்பதாவது மரத்தடியில் சங்கு ஓய்கிறது. ஓயும் இடத்தில் அடையாளம் வைப்பது அவன் வழக்கம். டிரவுசர் பையிலிருந்து மில்லின் கழிவு நூலை எடுத்து அந்த மரத்தில் கட்டுகிறான். நேற்றைய நூல் எட்டாவது மரத்தில் இருக்கிறது. காமாலைக்கு முன்பு கட்டிய சிவப்பு நூல், தூரத்தில், பதினான்காவது மரத்தில் வெளுத்துத் தொங்குகிறது.

“ஏலே, அம்புட்டுத் தூரம் இனி ஏலுமா? செத்த நேரம் உக்காரு,” என்கிறார் டீக்கடை மாரிசாமி.

“இந்தா வாரேன் அண்ணாச்சி.”

மூச்சிரைக்க நடந்துபோய், அந்தச் சிவப்பு நூலை அவிழ்த்து, பதினைந்தாவது மரத்தில் இறுக்கிக் கட்டுகிறான்.