வெறும் சோறு

இனிப்பை உணரவிடாத சிறுகுறிஞ்சான் மூலிகை வில்லை பதினோரு ஆண்டுகளாகப் பிலவேந்திரனின் நாக்கில் ஒட்டியிருந்தது. சர்க்கரை அடங்கியது, எடுத்துவிட வேண்டும் என்றிருந்த கால் தப்பியது. இன்று முதல்முறையாக, ஒரு மணி நேரம் அதைக் கழற்றலாம் என்றார் மருத்துவர்.

மனைவி செலஸ்டின் மக்ரூன் இனிப்புப் பெட்டியைத் திறந்தாள். பிலவேந்திரனோ வெறும் சோறு கேட்டார்.

"கிறுக்கா ஒங்களுக்கு? ஒரு மணி நேரந்தான்!"

வில்லையைக் கழற்றிவிட்டு, ஒரு கவளத்தை வெகுநேரம் மென்றார். கண் நிறைந்தது.

"சோறு இனிக்குது, செலஸ்டி. இதப் போயி மண்ணுன்னு திட்டிருக்கேனே."

"இப்பவாவது தெரிஞ்சுதே."

நாற்பது நிமிடம் மீதமிருக்கும்போதே வில்லையை ஒட்டிக்கொண்டார். இரண்டு கால்களாலும் மாடியேறிப் போய், குறிஞ்சான் கொடிக்குத் தண்ணீர் ஊற்றினார்.